பாட்டில் காசு யாருக்கு?

கோடைக்காலம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பேருந்தை விட்டு இறங்கியதும் கண் தண்ணீரைத்தான் தேடுகிறது. கையில் காசு இருந்தால் ஒரு பாட்டில் வாங்குகிறோம். இல்லை என்றால் யாராவது புண்ணியவான் வைத்த தண்ணீர்ப் பந்தலைத் தேடுகிறோம். குடிக்கிறோம். தாகம் தீர்கிறது.

கையில் மிஞ்சுவது என்ன? ஒரு காலிப் பாட்டில்.

அதை என்ன செய்கிறோம்? சாக்கடையில் போடுகிறோம். வயல் வரப்பில் வீசுகிறோம். பேருந்து ஜன்னல் வழியாக எறிகிறோம். அதற்கும் ஒரு விலை உண்டு என்று நாம் நினைப்பதில்லை. இந்தப் பாடம் அந்தக் காலிப் பாட்டிலைப் பற்றியது. அதன் மேல் வைக்கும் காசைப் பற்றியது. தானமாகக் கொடுக்கும் தண்ணீரைப் பற்றியது.

1. அந்தக் காலத்துக் கலர் பாட்டில்

நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். முன்பு சோடாவும் கலரும் கண்ணாடிப் பாட்டிலில்தான் வரும். கடையிலேயே நின்று குடிக்க வேண்டும். காலிப் பாட்டிலைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால் பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணாச்சி, ரெண்டு கலர் குடுங்க. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க."

"தர்றேன் அக்கா. பாட்டிலுக்குத் தனியா காசு வச்சிட்டுப் போங்க."

"எதுக்கு அண்ணாச்சி? கலருக்குத்தான் காசு குடுத்தாச்சே?"

"கலர் உங்களுது. பாட்டில் கம்பெனிக்காரனுது. பாட்டிலைக் கொண்டு வந்தா வச்ச காசை அப்படியே வாங்கிக்கலாம்."

அந்த அக்கா கூடுதலாகக் கொடுத்த காசு கலரின் விலை அல்ல. பாட்டில் திரும்பி வரும் வரை கடையில் இருக்கும் பிணை. இதை டெபாசிட் என்பார்கள். பிணைத்தொகை என்றும் சொல்லலாம். இந்தப் பாடத்தில் நாம் பாட்டில் காசு என்றே சொல்வோம்.

அன்று அந்தப் பாட்டில் வண்டியேறி கம்பெனிக்குப் போகும். அங்கே கழுவுவார்கள். மறுபடி நிரப்புவார்கள். மறுபடி கடைக்கு வரும். ஒரே பாட்டில் பல முறை சுற்றி வந்தது. அதனால் தெருவில் கலர் பாட்டில் கிடப்பது அபூர்வம். யாராவது ஒருவர் கண்ணில் பட்டால் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவார். காசு கிடைக்கும் அல்லவா?

2. வாங்கி எறியும் பாட்டில்

பிறகு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. எடை குறைவு. உடையாது. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய வேலை இல்லை. கழுவ வேண்டிய வேலையும் இல்லை. கம்பெனிக்கு வசதி. கடைக்காரருக்கு வசதி. வாங்குபவருக்கும் வசதி.

ஆனால் வேலை உண்மையில் தீர்ந்து போனதா? இல்லை. அது வேறு ஒருவர் தலையில் ஏறியது. சாக்கடையை அள்ளும் தூய்மைப் பணியாளர் தலையில் ஏறியது. வரி கட்டும் நம் எல்லோர் தலையிலும் ஏறியது.

பிளாஸ்டிக் பாட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோண வடிவில் அம்புக்குறிகள் இருக்கும். நடுவே 1 என்ற எண் இருக்கும். தண்ணீர் பாட்டிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலும் பெரும்பாலும் இந்த வகைதான். இதன் பெயர் பெட். இதைத் தூளாக்கி உருக்கலாம். நூலாக இழுத்துத் துணி நெய்யலாம். புதுப் பாட்டிலும் செய்யலாம். கண்ணாடியையும் அப்படியே. எத்தனை முறை உருக்கினாலும் அது கண்ணாடிதான்.

ஆக, காலிப் பாட்டில் குப்பை அல்ல. அது ஒரு மூலப்பொருள். பிறகு ஏன் அது தெருவில் கிடக்கிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மிகவும் லேசானது. ஒரு கிலோ சேர ஏறக்குறைய 40 பாட்டில் வேண்டும். காயலான் கடையில் கிலோவுக்கு 20 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

40 பாட்டில் = 20 ரூபாய்.
ஒரு பாட்டில் = 50 காசு.

50 காசுக்காக யார் குனிவார்? வேறு வழி இல்லாதவர்தான் குனிவார். தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கிளம்பும் அக்காவும் அண்ணனும்தான் குனிகிறார்கள்.

இப்போது ஒவ்வொரு பாட்டிலின் மேலும் 10 ரூபாய் பாட்டில் காசு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

40 பாட்டில் = 400 ரூபாய்.

அதே பாட்டில். அதே சாக்கு. அதே உழைப்பு. 20 ரூபாய் எங்கே, 400 ரூபாய் எங்கே! இப்போது பாட்டிலை வீச யாருக்கும் மனம் வராது. வீசினாலும் அது தெருவில் நெடுநேரம் கிடக்காது.

3. நீலகிரியில் பத்து ரூபாய்

இது வெறும் கணக்கு அல்ல. நம் நாட்டில் நடக்கும் செய்தி.

நீலகிரி மலைக்குச் சுற்றுலாவுக்கு வருபவர் பலர். சிலர் காட்டோரம் உட்கார்ந்து மது குடிப்பார்கள். பாட்டிலை அங்கேயே எறிவார்கள். பாட்டில் உடையும். அந்த வழியில்தான் யானை நடக்கும். யானையின் கால் பெரிது. ஆனால் அதன் அடிப்பாதம் மெத்தென்று இருக்கும். கண்ணாடிச் சில்லு உள்ளே ஏறினால் பிடுங்கிவிட ஆள் இல்லை. புண் புரையோடும். யானை நொண்டும். இரை தேடி நடக்க முடியாது.

இந்த விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பாட்டில் காட்டுக்குள் போகாமல் இருக்க வழி சொல்லுங்கள் என்று நீதிமன்றம் கேட்டது. 2022 மே 15 முதல் நீலகிரி மாவட்டத்தின் டாஸ்மாக் கடைகளில் புது முறை வந்தது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் கூடுதலாக 10 ரூபாய் வாங்க வேண்டும். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பின்னர் கோவை, பெரம்பலூர் போன்ற மாவட்டங்களுக்கும் இந்த முறை போனது. கேரளத்திலும் 2025-ஆம் ஆண்டு சில மதுக்கடைகளில் 20 ரூபாய் வைத்து இப்படித் தொடங்கினார்கள்.

குடி குடியைக் கெடுக்கும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. இங்கே நாம் பேசுவது காலிப் பாட்டிலைப் பற்றி மட்டும்தான்.

இந்த முறையில் சிக்கலே இல்லையா? உண்டு. காலிப் பாட்டிலை எண்ணி வாங்க வேண்டும். அடுக்கி வைக்க இடம் வேண்டும். எங்களுக்கு வேலைச் சுமை கூடுகிறது என்று கடை ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அது நியாயமான கேள்விதான். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஆள் வேண்டும். இடமும் வேண்டும். திட்டம் போடுபவர்கள் இதையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

4. கேதார்நாத் மலையில்

வடக்கே உத்தராகண்ட் மாநிலத்தில் கேதார்நாத் கோயில் இருக்கிறது. கௌரிகுண்டு என்ற ஊரிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் மலை ஏற வேண்டும். லட்சக்கணக்கான பக்தர்கள் ஏறுகிறார்கள். வழியெல்லாம் தண்ணீர் பாட்டில் விற்பனை. அவ்வளவு உயரத்திலிருந்து குப்பையைக் கீழே இறக்குவது லேசான காரியம் அல்ல.

2022-ஆம் ஆண்டு அங்கேயும் பாட்டில் காசு வந்தது. பாட்டிலின் மேல் ஒரு ஒட்டுத்தாள். அதில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். மளிகைக் கடையில் செல்போனைக் காட்டிப் பணம் கட்டுகிறோமே, அதே மாதிரி அடையாளம்தான். விலையோடு 10 ரூபாய் கூடுதல். காலிப் பாட்டிலைச் சேகரிப்பு மையத்தில் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பி வரும்.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். பாட்டிலை வாங்கியவர்தான் திருப்பித் தர வேண்டும் என்பதில்லை. வழியில் கிடந்ததை எடுத்து வந்தவருக்கும் காசு உண்டு. பாட்டில் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பாட்டில் காசும் இருக்கிறது.

5. பிணை வேறு, கட்டணம் வேறு

வெளிநாடுகளில் இது பழைய வழக்கம். கனடா நாட்டில் பிரிட்டிஷ் கொலம்பியா என்ற மாகாணம் 1970-லேயே இதைத் தொடங்கியது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1977-இல் வந்தது. ஜெர்மனியில் வாங்கி எறியும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 2003-இல் வந்தது.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் பானம் வாங்கினால் ரசீதில் இரண்டு கூடுதல் தொகைகள் இருக்கும்.

ஒன்று பிணைத்தொகை. பாட்டிலைக் கொடுத்தால் இது திரும்ப வரும்.

இன்னொன்று மறுசுழற்சிக் கட்டணம். இது திரும்ப வராது. பாட்டிலைச் சேகரிக்க ஆகும் செலவு, வண்டிச் செலவு, உருக்கும் செலவு ஆகியவற்றுக்கு இது போகும். பாட்டிலின் வகையைப் பொறுத்து இது கூடும், குறையும். சில வகைக்குக் கட்டணமே இருக்காது.

படித்தவருக்கும் இந்த இரண்டும் குழம்பும். ஆகவே ரசீதை வாங்குங்கள். எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். கூடுதலாக வாங்கிய தொகை எது என்று கேளுங்கள். "இது திரும்ப வருமா, வராதா?" என்று கேட்பது நம் உரிமை.

6. தண்ணீர்ப் பந்தலும் பாட்டிலும்

தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது நம் நாட்டின் பழைய அறம். தண்ணீர்ப் பந்தல் நடத்த நிலம் எழுதி வைத்த செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. ராஜஸ்தானில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைக்கும் இடத்தைப் பியாவு என்கிறார்கள். பஞ்சாபில் சீக்கியர்கள் கோடையில் சபீல் என்ற பந்தல் போடுகிறார்கள். குரு அர்ஜன் 1606-இல் உயிர்த்தியாகம் செய்த நாளின் நினைவாக அதை நடத்துகிறார்கள். சர்க்கரையும் பாலும் கலந்த குளிர்ந்த தண்ணீரை எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். நம் ஊரில் நீர்மோர்ப் பந்தல்.

இப்போது பல இடங்களில் பானைக்குப் பதில் பாட்டில் வந்துவிட்டது. வாங்குவது சுலபம். கொடுப்பது சுலபம். மாலையில் பந்தலைப் பிரிக்கும்போது பார்த்தால் சுற்றிலும் பாட்டில். தானம் கொடுத்தவர் போய்விடுவார். பாட்டிலைக் கூட்டுபவர் யார்?

ஒரு ஊரில் மகளிர் சுய உதவிக் குழு தண்ணீர்ப் பந்தல் போட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் தண்ணீர் பாட்டிலுக்கும் 10 ரூபாய் பாட்டில் காசு உண்டு என்றும் வைத்துக்கொள்வோம். குழுக் கூட்டத்தில் பேச்சு நடக்கிறது.

"200 பாட்டில் வாங்கிடலாம் அக்கா. ஒரு பாட்டில் 20 ரூபாய். 4,000 ரூபாய் ஆகும்."

"பாட்டில் காசு 10 ரூபாயைச் சேர்க்கலையே? 200 பாட்டிலுக்கு 2,000 ரூபாய். மொத்தம் 6,000 ஆகுமே!"

"தர்மத்துக்குக் குடுக்கிற தண்ணிக்குமா பாட்டில் காசு?"

"தர்மத்துக்குக் குடுத்தாலும் தெருவுல கிடக்கிற பாட்டில் ஒன்னுதானே?"

"சரி, அந்த 2,000 ரூபாய் யாருக்குப் போகும்?"

நல்ல கேள்வி. விடை மூன்று உண்டு.

ஒன்று: பந்தல் பக்கத்தில் ஒரு பெரிய கூடை வைக்கலாம். குடித்தவர்கள் அங்கேயே பாட்டிலைப் போடுவார்கள். மாலையில் குழு அதைக் கடையில் கொடுத்தால் 2,000 ரூபாய் திரும்ப வரும். அடுத்த வாரப் பந்தலுக்கு ஆகும்.

இரண்டு: அந்தத் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளரிடம் "கூடையில் உள்ளது உங்களுக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிடலாம். ஒரே செலவில் இரண்டு உதவி. ஜெர்மனியில் சிலர் காலிப் பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடுவதில்லை. பக்கத்தில் நிறுத்தி வைப்பார்கள். பாட்டில் சேர்ப்பவர் தொட்டிக்குள் கையை விடாமல் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? அங்கே பல கடைகளில் பாட்டில் வாங்கும் இயந்திரம் உண்டு. சில இயந்திரங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டில் காசு ஏழைகளின் உணவுக்கு நன்கொடையாகப் போய்விடும்.

மூன்று: எதையும் யோசிக்காமல் விட்டுவிடலாம். பாதி பாட்டில் சாக்கடைக்குப் போகும். குழுவின் பணமும் அதோடு போகும்.

அந்தக் கூட்டத்தில் வயதான ஆயா ஒருவர் கேட்கிறார்: "ஏம்மா, பானை எங்கே போச்சு?"

அதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி. மண்பானை, மூடி, நீளமான கைப்பிடி உள்ள அகப்பை, பத்து எவர்சில்வர் டம்ளர். அவ்வளவுதான் தேவை. தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்து ஊற்ற வேண்டும். டம்ளரைப் பானைக்குள் விடக் கூடாது. அண்ணாந்து குடிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் குடித்ததும் டம்ளரைக் கழுவ வேண்டும். பேருந்திலிருந்து இறங்க முடியாதவர்களுக்கு அவர்கள் கொண்டு வந்த பாட்டிலிலேயே நிரப்பிக் கொடுக்கலாம்.

இன்னொன்றும் முக்கியம். பந்தலில் எல்லோருக்கும் ஒரே டம்ளர்தான். சாதிக்கொரு டம்ளர் வைத்தால் அது தானம் அல்ல, குற்றம்.

பானை வைத்துவிட்டு பிளாஸ்டிக் டம்ளர் கொடுப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூசிய காகித டம்ளர் ஆகியவற்றுக்குத் தடை உள்ளது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டம்ளருக்குத் தடை உள்ளது.

அப்படியானால் பாட்டில் தண்ணீரே கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. வெள்ளம் வந்தால் கிணறும் குழாயும் கெட்டுப்போகும். அங்கே பானை வைக்க முடியாது. மூடிய பாட்டில்தான் உயிர் காக்கும். தயங்காமல் அனுப்ப வேண்டும். ஆனால் பாட்டிலோடு வெறும் சாக்குகளையும் அனுப்புங்கள். தண்ணீர் கொண்டு போகும் லாரி வெறுமனேதான் திரும்பும். காலிப் பாட்டில் மூட்டை அதிலேயே வந்துவிடும்.

7. சாக்கு தூக்குபவரை மறக்க வேண்டாம்

இத்தனை காலம் நம் பாட்டில்களைப் பொறுக்கி ஆலைக்கு அனுப்பியவர்கள் ஏழைகள். அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் புனே நகரில் 1993-ஆம் ஆண்டு இவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். நாங்கள் திருடிகள் அல்ல, தொழிலாளிகள் என்றார்கள். மாநகராட்சி ஒப்புக்கொண்ட அடையாள அட்டையைப் பெற்றார்கள்.

பாட்டில் காசு வந்தால் இவர்களுக்கு நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. கிடக்கும் பாட்டிலுக்கு நல்ல காசு கிடைக்கும். அது நன்மை. குடித்தவர்களே பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இவர்களுக்குக் கிடைப்பது குறையும். அது ஆபத்து. ஆகவே பாட்டில் சேகரிக்கும் மையங்களில் முதல் வேலை இவர்களுக்குத்தான் தர வேண்டும். பழைய தொழிலாளியை வெளியே தள்ளிவிட்டு வரும் தூய்மை நமக்கு வேண்டாம்.

8. நாம் செய்யக்கூடியவை

பாட்டில் வாங்கும்போது ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிழிக்க வேண்டாம். நனைத்து அழிக்கவும் வேண்டாம். அடையாளம் தெரியாவிட்டால் காசு கிடைக்காது.

பாட்டில் காசு இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலை நசுக்கி, மூடியிட்டு, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.

கண்ணாடிப் பாட்டிலை உடைக்காதீர்கள். வெறுங்காலோடு நடப்பவர் நம் ஊரிலும் உண்டு.

பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள். அந்தப் புகை நெஞ்சைக் கெடுக்கும்.

வெளியூர் போகும்போது வீட்டுத் தண்ணீரைக் கொண்டு போங்கள். வாங்கும் செலவும் இல்லை. எறியும் வேலையும் இல்லை.

கிராம சபையில் கேளுங்கள்: "நம் ஊர்ப் பாட்டில்கள் எங்கே போகின்றன?"

கணக்குப் போடுவோம்

1. ஒருவர் 35 காலிப் பாட்டில் கொண்டு வந்தார். ஒன்றுக்கு 10 ரூபாய். அவருக்கு எவ்வளவு கிடைக்கும்?

2. ஒரு கடையில் 120 பாட்டில் விற்றது. ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய் பாட்டில் காசு வாங்கினார்கள். 95 பாட்டில்தான் திரும்பி வந்தது. கடையில் மீதி இருக்கும் பாட்டில் காசு எவ்வளவு?

பேசுவோம்

1. இரண்டாம் கணக்கில் மீதியான தொகை யாருக்குப் போக வேண்டும்? கடைக்கா, அரசுக்கா, தெருவைச் சுத்தம் செய்பவருக்கா? ஏன்?

2. நம் ஊரில் இந்த ஆண்டு தண்ணீர்ப் பந்தல் போட்டால் எங்கே போடலாம்? பானையை யார் கழுவுவது? டம்ளர் யார் தருவது? கரும்பலகையில் பட்டியல் எழுதுங்கள்.

படித்து எழுதுவோம்

பிணைத்தொகை, கட்டணம், ரசீது, மறுசுழற்சி, ஒட்டுத்தாள், தண்ணீர்ப் பந்தல், தூய்மைப் பணியாளர்.

உங்கள் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு காலிப் பாட்டிலை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அதன் மேல் அச்சிட்டிருப்பதை எல்லோரும் சேர்ந்து படிப்போம்.